பித்தளைப் பிடி

குசினி யன்னலை ஒன்றரை அடி இறக்கச் சொன்னேன்.
"ஏனக்கா, நிண்டுதானே சமைக்கிறவை?"
மேசன் அருமைத்துரை கேட்டான்.
இனி நான் கதிரையில் இருந்துதான் வெங்காயம் உரிப்பேன்,
இருந்தாலும் மாதுளை தெரியவேணும் என்றேன்.
காதில் செருகிய பென்சிலை எடுத்து
என் கண் மட்டத்தைச்
சுவரில் ஒரு கோடாகப் போட்டான்.

தெல்லிப்பளையிலும் அளக்கிறார்கள்.
அங்கே எந்த யன்னலும் இறங்குவதில்லை.
மூன்று கிழமைக்கு ஒருக்கா சிவப்பு மருந்து.
ஏற்றிய மூன்றாம் நாள் சோறு இரும்பாய் ருசிக்கும்.
தாளிதம் பிரட்டும், சவுக்காரம் பிரட்டும்,
இவரின் சேட்டு மணமும் பிரட்டும், பாவம்.
பிரட்டாத ஒரே மணம்
நனைந்த சீமெந்து.
பின்னேரத்தில் புதுச்சுவருக்குத் தண்ணீர் அடித்தபின்
மூக்கை அதில் வைத்து நின்றேன்.
இவர் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த நாள் தானே குழாயைப் பிடித்து
இரண்டு தரம் நனைத்தார்.

நித்திரை வராத இரவுகளுக்கு நிற அட்டை இருந்தது.
அதில் இருபத்துநாலு வகை வெள்ளை.
எல்லாம் ஆஸ்பத்திரி.
அவிச்ச பனங்கிழங்கைப் பிளந்தால் உள்ளே ஒரு நிறம்,
அதுதான் வேணும் என்றேன், விடிய மூன்று மணிக்கு,
குறட்டைவிட்ட மனிசனிடம்.

ஆவணியில் எல்லோரும் வந்தார்கள்.
ரொறன்ரோவிலிருந்து அண்ணன் கனகேந்திரன், மச்சாள் இந்திராவதி,
ஒஸ்லோவிலிருந்து பெறாமகள் ஆரபியும் அவளின் இரண்டு வால்களும்.
அழ ஆயத்தமாக வந்தவர்கள்.
வீட்டில் அழ இடமில்லை:
மண்டபம் முழுக்க மாபிள் பெட்டி,
என் கட்டிலுக்குக் கீழே சிங்க்.
மச்சாள் என் கையைப் பிடித்து விம்மிய நேரம்
அருமைத்துரை மாபிள் வெட்டத் தொடங்கினான்.
"என்ன?" என்று நான் கத்த
"என்ன?" என்று அவவும் கத்த
இரண்டு பேரும் தூசுக்குள் சிரித்துத் தும்மினோம்.

பூசாத சுவர் எல்லோருக்கும் கொப்பி.
சீமெந்து ஆறு பை, மணல் அரை லோட்.
பக்கத்தில் இவரின் எழுத்து: திங்கள் இரவு 100.4.
அதற்குக் கீழே, முன்னூற்றிநாலில்
அண்ணன் தோற்ற கணக்கு, அவ்வளவும் கள்ளக் கணக்கு.
முதல் பூச்சில் அண்ணன் மறைந்தார்.
காய்ச்சல் மறையவில்லை.
அதற்கு மூன்று பூச்சு வேண்டியிருந்தது.

பெயின்ற் மணம் எனக்கு ஆகாதாம். டொக்டர் சொன்னார்.
எங்களுக்கு ஒரு சாட்டுத்தானே தேவை.
வானில் பதினாலு பேர், ஒரு பானை நண்டுக்கறி.
பொன்னாலைப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர்,
களங்கண்டித் தடிகளில் நீர்க்காகங்கள் இறகு காயவிட்டன.
காரைநகரில் இரண்டு இரவு.

முதல் நாள் நான் எழும்பவில்லை.
அறைக்குள் படுத்து
அவர்கள் கடலில் போட்ட சத்தத்தைக் கேட்டேன்.
அதுவும் நல்லாத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் இறங்கினேன்.
கசூரினாவில் கடல் ஆரையும் அவசரப்படுத்தாது.
நடந்தேன், முழங்கால்.
இன்னும் நடந்தேன், முழங்கால்.
"காணும், திரும்பு!" அண்ணன் கரையில் நின்று கத்தினார்.
தலைத்துணியை அவிழ்த்தேன்.
மயிரில்லாத தலையில் கடற்காற்று நேரே பட்டது.
ஐம்பத்தேழு வயதுவரை
இந்தச் சுகத்தை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
உதட்டில் தெறித்த உப்பு
உப்பாகவே இருந்தது.

ஆரபி தண்ணீருக்குள்ளால் ஓடி வந்தாள், கையில் போன்.
"அக்கா, குசினிக் கதவுக்குப் பிடி
சில்வரோ பித்தளையோ?
சில்வர் எண்டால் ஒரு வேலையுமில்லை.
பித்தளை மாசம் ஒருக்கா
புளி போட்டு மினுக்கவேணும், பாத்துச் சொல்லுங்கோ."

பார்த்தேன்.
தண்ணீருக்கடியில் என் கால்விரல் பத்தும் தெரிந்தன,
நகங்கள் கறுத்து.

"பித்தளை," என்றேன்.
"கதவுக்கு ரெண்டு பக்கமும்."